பெரிய திரைக்கு மாறினேன்: ஸ்கேலை எடுத்து அளந்த அனுபவம்

மெய்ப்புமேசை:

என் வேலை மெய்ப்புத் திருத்துவது. இடப்பக்கத் திரையில் ஆசிரியர் அனுப்பிய மூலம், வலப்பக்கத்தில் பக்க அமைப்பு முடிந்த பிடிஎஃப். ஆறு வருடமாக இரண்டு 24 இன்ச் (மூலைக்கு மூலை அளவு) மானிட்டர்களில்தான் ஓடியது. ஒரே குறை, ஏ4 பக்கம் நிஜ அளவில் முழுதாகத் தெரியாது. ஒருநாள் ஸ்கேலை எடுத்துத் திரையின் உயரத்தை அளந்து பார்த்தேன். 29.9 செ.மீ. ஏ4 தாளின் உயரம் 29.7. தாளை மேலே வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது! ஆனால் மேலே மெனுவும் கீழே டாஸ்க்பாரும் இடத்தை எடுத்துக்கொள்வதால், கடைசி சில வரிகளுக்கு எப்போதும் உருட்டித்தான் ஆக வேண்டும். அடிக்குறிப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

27 இன்ச் என்றால் உயரம் 33.6 செ.மீ. பக்கம் ஒட்டி உரசிக்கொண்டு நிற்கும். 32 இன்ச் என்றால் உயரம் 40-ஐத் தொடும், அகலம் 71. மூன்று ஏ4 தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் 63 செ.மீ.தான். சரி, 32தான் என்று முடிவு செய்தேன். பழைய செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டி மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். கண்ணுக்குப் பழகியதும் ஆர்டர் போட்டேன்.

இவ்வளவு அளந்த நான் பிக்சலை, அதாவது திரையில் படத்தை உருவாக்கும் புள்ளிகளை, அளக்கவில்லை. வாங்கியது 2560 × 1440. பழையது 1920 × 1080. எண்ணிக்கை கூடியிருக்கிறது, எழுத்து தெளிவாக இருக்கும் என்று நம்பினேன். பெட்டியைப் பிரித்து, பழைய திரைக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே அடிக்குறிப்பை இரண்டிலும் திறந்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ‘ண்’ எழுத்தின் மூன்று சுழியும் ஒன்றோடொன்று ஒட்டி, ‘ன்’ போலவே நின்றது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 24 இன்ச்சில் 1080 என்றால் ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல். 32 இன்ச்சில் 1440 என்றாலும் அதே 92. இடம் பெருகியது, நெருக்கம் கூடவில்லை. 9 பாயின்ட் எழுத்துக்கு மேலிருந்து கீழ்வரை பதினொன்று, பன்னிரண்டு பிக்சல்தான் கிடைக்கும். அதற்குள் மூன்று சுழியையும் புள்ளியையும் அடக்கிவிட முடியாது. மூன்று சுழியா இரண்டு சுழியா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பே.

பெட்டியும் தெர்மாகோலும் பத்திரமாக இருந்ததால் மாற்ற முடிந்தது. அடுத்து வந்தது அதே 32 இன்ச்சில் 4கே, அதாவது 3840 × 2160. ஒரு இன்ச்சுக்கு 138 பிக்சல். ஸ்கேலிங்கை (எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பை) 150 சதவீதத்தில் வைத்தால் எழுத்தின் அளவு பழைய 24-இல் இருந்தது போலவே இருக்கும், ஆனால் அதே எழுத்துக்குள் ஒன்றரை மடங்கு பிக்சல் வரிசைகள். முதல் நாள் திறந்த கோப்பிலேயே, முந்தைய சுற்றில் நான் விட்டிருந்த ‘மனம்’, ‘மணம்’ குழப்பம் இரண்டு இடங்களில் கண்ணில் பட்டது. அன்று எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி மாளாது.

இரண்டு தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது கேபிள். மவுஸை நகர்த்தினால் அம்பு இழுத்து இழுத்து வந்தது. செட்டிங்ஸில் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது படம் நொடிக்கு 30 முறைதான் மாறுகிறது. என் பழைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட் (திரைக்குப் படம் அனுப்பும் துளை) 1.4 வகை, 4கே-வை அதற்கு மேல் வேகமாக அனுப்பாது. 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், அல்லது டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பில் 1.2. யூஎஸ்பி-சி போர்ட்டிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிளை மாட்டியதும் சரியாகிவிட்டது. மானிட்டர் வாங்குவதற்கு முன்பே உங்கள் கணினியில் எந்த போர்ட், எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, திரைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத சுவர். கணினி இரண்டு திரைகளையும் பிக்சல் கணக்கில்தான் அடுக்குகிறது. அதன் பார்வையில் என் 24 இன்ச், பெரியதில் பாதி உயரம். மேசையில் பார்த்தால் முக்கால் உயரம். அதனால் பெரிய திரையின் மேல் பகுதியிலிருந்து அம்பு பக்கத்துத் திரைக்குப் போகாமல் முட்டிக்கொண்டு நிற்கும். நான் வேண்டாமென்று திருப்பிய 1440 திரையில் இந்தச் சிக்கல் துளியும் இல்லை. கோடு போட்டதுபோல் நேராகப் போனது. எழுத்து முக்கியமில்லாதவர்களுக்கு, பழைய 24-க்குத் துணையாக 32 இன்ச் 1440 நல்ல ஜோடி என்பதை மனதாரச் சொல்கிறேன். நான் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் சின்னத் திரையை நடுவில் இழுத்து வைத்திருக்கிறேன்; நான் அதிகம் கடக்கும் இடத்தில் வழி திறந்திருக்கிறது.

நீளத்திரை:

நான் இரண்டு திரையையும் எடுத்துவிட்டு 34 இன்ச் அல்ட்ராவைடு (அகலம் கூடிய திரை) ஒன்று போட்டேன். 3440 × 1440. வீடியோ தொகுப்பு செய்பவன், டைம்லைன் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டை) நீளமாக விரிவது எனக்குப் பெரிய வரம். நடுவில் சட்டமே இல்லை. ஆனால் ஒன்று: 34 என்ற எண்ணைப் பார்த்து 32-ஐவிடப் பெரியது என்று நினைக்காதீர்கள். உயரம் 33 செ.மீ. சொச்சம், 27 இன்ச் திரையின் உயரமேதான். மெய்ப்புமேசை சொன்ன ஏ4 கதைக்கு இது உதவாது.

இன்னொன்று, கூட்டங்களில் முழுத் திரையைப் பகிர்ந்தால் எதிரில் லேப்டாப்பில் பார்ப்பவருக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் எறும்பு மாதிரி எழுத்து. ஒருமுறை அரைமணி நேரம் விளக்கிய பிறகுதான் ஒருவர் தயங்கிச் சொன்னார், எதுவும் படிக்க முடியவில்லை என்று. இப்போது ஜன்னலை மட்டும்தான் பகிர்கிறேன்.

சுவர்த்திரை:

43 இன்ச் 4கே டிவியை மானிட்டராகப் பயன்படுத்துகிறேன். நான்கு 21 இன்ச் திரைகளைச் சட்டமில்லாமல் ஒட்டியதுபோல. வாங்கிய அன்று கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து கரைந்து தெரிந்தது. திரை கெட்டது என்றே நினைத்தேன். உண்மையில் டிவி நிறத் தகவலைக் குறைத்து வாங்கிக்கொண்டிருந்தது. டிவி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு ‘பிசி’ என்று பெயர் மாற்றி, கணினியில் 4:4:4 (நிறத் தகவலைக் குறைக்காமல் அனுப்பும் அமைப்பு) தேர்ந்தெடுத்ததும் தெளிந்துவிட்டது. எல்லா டிவியிலும் இது கிடைக்காது, பார்த்து வாங்குங்கள்.

மேசையின் ஆழம் 60 செ.மீ. என்றால் இந்த அளவுக்கு ஆசைப்படாதீர்கள். எனக்கு முதல் மாதம் கழுத்துப் பிடித்துக்கொண்டது; மேல் மூலையைப் பார்க்க ஒவ்வொரு முறையும் அண்ணாந்தேன். சுவரில் மாட்டி, 90 செ.மீ. தள்ளி உட்கார்ந்த பிறகுதான் வலி போனது.

புதியவள்:

மேலே எழுதிய எல்லோருக்கும் நன்றி. என் மேசை 120 செ.மீ. அகலம். 32 இன்ச் ஒன்றும் இரண்டு 24-உம் வைக்க முடியுமா? ஆர்ம் (திரையைத் தாங்கிப் பிடிக்கும் கை) போட்டால் இடம் மிச்சமாகுமா?

மெய்ப்புமேசை:

அளவைக் கூட்டிப் பாருங்கள் தோழி. 71-உம் 53-உம் இன்னொரு 53-உம் சேர்ந்தால் 177 செ.மீ. சாய்த்து வைத்தாலும் 120-க்குள் வராது. ஒரு 24-ஐ நிமிர்த்தி நெடுக்காக வைத்தால் அது 30 செ.மீ.தான் பிடிக்கும், 32-உம் அதுவும் சேர்ந்து 101. மேலே எழுதிய பிறகு என் மேசையிலும் அப்படித்தான் மாற்றிவிட்டேன். நெடுக்குத் திரையில் மூலம் நீளமாக ஓடுகிறது, பெரியதில் பக்கங்கள். ஆனால் நெடுக்காக வைக்கும் திரை ஐபிஎஸ் பேனலாக, அதாவது பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகையாக, இருக்கட்டும். என் இரண்டு பழைய திரைகளில் ஒன்று டிஎன் என்ற இன்னொரு வகை. அதை நிமிர்த்தியபோது இடக்கண்ணுக்கு ஒரு நிறம், வலக்கண்ணுக்கு வேறு நிறம். பத்து நிமிடத்தில் தலை வலித்தது.

ஆர்ம் நிச்சயம் உதவும். 32 இன்ச் ஸ்டாண்டின் கால் பின்னாலிருந்து நிறைய ஆழத்தைத் தின்றுவிடும். ஆர்ம் போட்டால் திரை சுவரை ஒட்டிப் போய்விடும். மூன்று விஷயம் பாருங்கள். மானிட்டரின் முதுகில் நான்கு ஓட்டை இருக்கிறதா, அவற்றின் இடைவெளி 75 மி.மீ.யா 100 மி.மீ.யா. ஸ்டாண்டு இல்லாமல் மானிட்டர் எத்தனை கிலோ, அந்த எடை ஆர்ம் தாங்கும் எல்லைக்குள் இருக்கிறதா. எல்லை என்றால் மேலே மட்டுமில்லை. கேஸ் ஸ்பிரிங் (வாயு அழுத்தத்தில் தாங்கும்) ஆர்முக்குக் குறைந்தபட்ச எடையும் உண்டு, அதற்கும் கீழே போனால் திரை தானாக மேலே எழும்பும். கடைசியாக, மேசைப் பலகை. என்னுடையது மரத்தூள் பலகை. ஆர்மின் கிளாம்ப் (மேசை விளிம்பைக் கவ்வும் பிடி) அழுத்தி ஒரு குழியே விழுந்துவிட்டது. இப்போது மேலும் கீழும் இரும்புத் தகடு வைத்து இறுக்கியிருக்கிறேன்.

செய்தித்தாளை வெட்டி ஒட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நிமிர்த்தி வைக்கப்போகும் 24-க்கும் ஒரு தாள் வெட்டுங்கள், 30-க்கு 53.