புதுப்பிப்பு: கஞ்சமலை இரும்புக்கல் அடுக்கு

சேலம் கஞ்சமலையின் வடசரிவிலும் தென்சரிவிலும் தெரிகிற கருநிற அடுக்கு ஒன்றேதானா என்று முன்பு கேட்டிருந்தேனுங்க. இப்போ ரெண்டு பக்கமும் நடந்து பார்த்தாச்சு. வடக்கே அடுக்கு தெற்கு நோக்கிச் சாய்கிறது, தெற்கே வடக்கு நோக்கி. மலையே ஒரு வடைச்சட்டி மாதிரி மடிந்திருக்கிறது. ஒரே அடுக்குதான் இருபுறமும் தலைகாட்டுகிறது, எனக்கு இதில் சந்தேகமில்லை.

போகிறவங்களுக்கு ஒன்று. இது மேக்னடைட்டும் (காந்தத்தன்மை உள்ள இரும்புத் தாது) குவார்ட்ஸும் (படிகக்கல்) மாறிமாறி வரும் பாறை. பக்கத்தில் போனால் காம்பஸ் முள் திரும்பிவிடும், நம்பாதீங்க. ஜிபிஎஸ்ஸில் இடங்களைக் குறித்து 1:50,000 வரைபடத்தில் (ஒரு செ.மீ. = 500 மீ.) அடுக்கு போகிற வழியைக் கோடாக இழுங்க. அடிவாரத்து உருட்டுக்கல்லைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அது மேலேயிருந்து உருண்டு வந்தது. இடம்பெயராத பாறையில் எடுத்த சாய்வு மட்டுமே செல்லும். ஆழத்தில் தடிமன் எவ்வளவு என்பதைத் துளையிட்டால்தான் சொல்ல முடியுமுங்க.