'கனல்நிறம்': எரிமலைப் படங்களுக்கு ஒரு சொல்

வணக்கம் ஐயா,

எரிமலைக் குழம்பு ஒளிரும் நிறத்துக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று பேசியபோது நீங்கள் எழுதியது:

> 'வெப்பநிறம்' என்றே வைத்துவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் வெப்பக் கேமரா காட்டும் படத்தில் மனித முகம்கூடச் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிகிறது. அது கருவி பூசிய நிறம். நமக்கு வேண்டியது, பொருள் சூடேறித் தானாகவே ஒளிவிடும்போது கண்ணுக்குத் தெரிகிற நிறம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பள்ளிப் பிள்ளைகள் குழம்புவார்கள்.

பழைய எரிமலைப் படங்களுக்குத் தமிழ் விளக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தச் சொல் இல்லாத குறை உறைத்தது. ஆரம்பகாலக் கருப்பு வெள்ளைப் படச்சுருள்களில் பல சிவப்பு ஒளியை உணராதவை. மங்கிய சிவப்பில் தகதகக்கும் எரிமலைக் குழம்பு அவற்றில் வெறும் கரியாகத்தான் பதியும். 1935இல் கோடாக்ரோம் என்ற 16 மி.மீ. வண்ணப் படச்சுருள் வந்தபின் நிலைமை மாறியது. மெக்சிகோவில் 1943இல் ஒரு சோளக்காட்டில் முளைத்த பரிக்குட்டின் எரிமலை, இத்தாலியில் 1944இல் பொங்கிய வெசுவியஸ் எரிமலை இரண்டுமே வண்ணத்தில் பதிவாகியிருக்கின்றன. சுமார் 700 பாகை செல்சியஸில் மங்கிய சிவப்பு, 900 வாக்கில் ஆரஞ்சு, 1100ஐத் தாண்டினால் மஞ்சள் என்று குழம்பின் சூட்டை நிறத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். (சுருளில் ஒளி அதிகம் விழுந்தாலும் சிவப்பு வெளிறி மஞ்சளாகும், அதைக் கவனிக்க வேண்டும்.)

எரிமலை வாயின் ஓரத்தில் படியும் கந்தகமும் மஞ்சள்தான். ஆனால் இருட்டினால் அது மறைந்துவிடும், குழம்பின் மஞ்சள் மறையாது. இந்த வேறுபாட்டைத்தான் நம் சொல் தாங்க வேண்டும்.

இது நம் பக்கத்துக்குப் புதிய அறிவும் இல்லை. நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பும் எஃகும் செய்த உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. சின்ன வயதில் அப்புச்சியோடு ஏர்க்கொழு அடிக்கக் கொல்லர் பட்டறைக்குப் போவேன். துருத்தி ஊதிக்கொண்டே கொல்லர், "இன்னும் பழுக்கோணுங்க, மாம்பழ நெறம் வரட்டும்" என்பார். கையில் எந்த அளவுமானியும் கிடையாது. நிறம் வந்ததும் இடுக்கியால் எடுத்துவிடுவார்.

'பழுநிறம்' என்றுதான் முதலில் நினைத்தேன். ஆசையாகவும் இருந்தது. ஆனால் 'பழுப்பு' குறுக்கே வந்து நிற்கிறது. நண்பர் சொன்ன 'தழல்நிறம்' கேட்க அழகுதான், ஆனால் தழல் என்றதும் எனக்குச் சுடர்தான் தோன்றுகிறது. குழம்பில் சுடர் இல்லை, கனல்தான் இருக்கிறது. அப்புறம், 'கனல்' வினையாகவும் வளையும்: கனல்கிறது, கனன்றது, கனலும் பாறை.

விளக்கத்தில் ஒரு வரியை இப்படி மாற்றிப் பார்த்தேன்: "மேலே ஆடை படிந்து கருத்துவிட்டது, வெடிப்புக்குள் குழம்பு இன்னும் மஞ்சளாகக் கனல்கிறது." படத்தை ஓடவிட்டு வாய்விட்டுப் படித்தேன், பொருந்துகிறது. நீங்களும் ஒருமுறை படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா. மறுப்பு இல்லையென்றால் 'கனல்நிறம்' என்றே எழுதிவிடுகிறேன்.