மலையேறி வந்த மெடிக்கல் காலேஜ் பசங்க: உங்க ஊருக்கும் வந்தாங்களா?

எங்க வீடு ஏற்காட்டுல எஸ்டேட் பக்கம், அம்மா காபிப்பழம் பறிக்கப் போறவங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மெடிக்கல் காலேஜ் பஸ் வந்துச்சு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்ததுல பாதிப் பசங்க மூஞ்சி வெளிறிப்போய் எறங்குனாங்க, வைத்தியம் பாக்க வந்தவங்களுக்கு நாங்க எலுமிச்சம்பழம் குடுத்து ஒக்கார வெச்சோம் 😀

ஆளுக்கு அஞ்சு குடும்பம்னு பிரிச்சுக்கிட்டாங்க. 2021 பேட்ச்ல இருந்து எம்பிபிஎஸ் பசங்க கிராமத்துல குடும்பங்களைத் தத்தெடுத்து, படிக்கிற காலம் முழுக்க போய் பாக்கணும்னு நேஷனல் மெடிக்கல் கமிஷன் பாடத்துலயே வெச்சிருக்காம். தத்துங்கற வார்த்தை எங்கம்மாவுக்கு சுத்தமா புடிக்கல, "நான் என்ன அனாதையா"ன்னு ஒரே சண்டை.

எங்க வீட்டுக்கு வந்தது ஒரு பொண்ணு. அம்மாவுக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் 8.2தான் இருந்துச்சு, பொம்பளைங்களுக்கு 12 இருக்கணுமாம். ஆனா ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுத்த இரும்புச்சத்து மாத்திரைய அம்மா நாலு மாசமா முழுங்கிட்டுதான் இருந்தாங்க, ஏறவே இல்ல. மூணாவது தடவை வந்தப்ப அந்தப் பொண்ணு சும்மா அடுப்பங்கரையில ஒக்காந்து பேசிட்டு இருந்துச்சு, அம்மா மாத்திரைய வாயில போட்டு வரக்காப்பி ஒரு மொடக்கு குடிச்சாங்க பாருங்க, "ஐயோ அம்மா இதான் விஷயமே"ன்னு கத்திருச்சு. காபி, டீயோட போட்டா இரும்புச்சத்து ஒடம்புல சேராதாம், ஒரு மணி நேரமாச்சும் தள்ளி குடிக்கணும், நெல்லிக்கா, ஆரஞ்சு கூட சேத்துக்கிட்டா நல்லா ஏறுமாம். காபி எஸ்டேட்ல வேலை பாக்குறவங்க கிட்ட காபி குடிக்காதன்னா! அதோட மாத்திரை போட்டா வெளிக்கி கருப்பா போகும், பயப்படாதீங்கன்னும் சொல்லுச்சு, அதுக்கு பயந்துதான் அம்மா பாதி நாள் போடாமலே விட்டிருக்காங்க, எங்க கிட்ட கூட சொல்லல. அடுத்த மூணு மாசத்துல 10.6.

உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

கொலுசுக்காரன்: உங்களுக்கு குடுத்து வெச்சிருக்குங்க. நாங்க சேலம் சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறை, நாள் முழுக்க குனிஞ்சு ஒக்காந்து கொலுசைப் பத்த வெச்சு ஒட்டுற வேலை, கண்ணும் இடுப்பும் முப்பத்தஞ்சு வயசுலயே போயிரும். ஒரு காலேஜ்ல இருந்து கேம்ப் போட்டாங்க, பேனரே பந்தலை விட பெருசு. கண்ணு டெஸ்ட் பண்ணி சீட்டு எழுதுனாங்க, கண்ணாடி பத்து நாள்ல வரும்னாங்க. சீட்டு இன்னும் எங்கப்பா சட்டைப் பையில இருக்கு. புகைக்குள்ள வேலை பாக்குறீங்களே, ஜன்னல் எங்கன்னு ஒருத்தரும் கேக்கல.

பழைய என்எஸ்எஸ்: அண்ணே, பசங்களைத் திட்டாதீங்க. நானும் சேலத்துல படிக்கறப்ப என்எஸ்எஸ்ல, அதான் நாட்டு நலப்பணித் திட்டத்துல, போயிருக்கேன், வருஷத்துக்கு 120 மணி நேரம், அப்புறம் ஏழு நாள் கேம்ப். மொத நாலு நாள் கோயிலைக் கூட்டி செடி நட்டோம், அஞ்சாவது நாள்தான் ஒரு பாட்டி எங்களை நம்பி, வீட்டுல பேரன் மூணு வாரமா இருமுறான்னு சொல்லுச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல இருமுனா சளி டெஸ்ட் எடுக்கணும்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்திருந்தாங்க, கூட்டிட்டுப் போனோம், டிபிதான். ஆறு மாசம் மாத்திரை. ஆனா எங்க கேம்ப் ரெண்டு நாள்ல முடிஞ்சு போச்சு, அந்தப் பையன் முழுசா சாப்பிட்டானான்னு இன்னிக்கும் எனக்கு தெரியாது.

கொலுசுக்காரன்: அதைத்தாண்டா தம்பி நானும் சொல்றேன், திரும்ப வரணும். ஏற்காட்டுக்காரங்களே, உங்க வீட்டுக்கு வந்த அந்த டாக்டர் பொண்ணு இன்னும் வருதா?

வருதுங்க, கடைசி வருஷம். இப்ப வெள்ளைக் கோட்டு கண்ணுல பட்டாலே எங்கம்மா டம்ளரை முறத்துக்கு அடியில ஒளிச்சு வெச்சிருவாங்க.