பேரேடும் சட்டைப்பை நோட்டும்

தேவகோட்டைக்காரர்:

காரைக்குடியில் சிவில் முடித்த கையோடு சிங்கப்பூரில் சைட் இன்ஜினியர் வேலை கிடைத்தது. கடல் தாண்டுவது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. நாங்கள் வட்டித்தொழில் செய்த செட்டியார்கள். ஐயா, அதாவது தாத்தா, மலாயாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, எடுபிடியாக இருந்து கணக்குப் பழகியவர். மூன்று வருடம் அங்கே, அப்புறம் ஊர், மறுபடி கப்பல். வட்டிக்குக் கொடுத்த காசில்தான் பர்மாத் தேக்குத் தூண் வைத்த எங்கள் வளவு வீடு நிற்கிறது. அந்தப் பெருமையைக் கேட்டே வளர்ந்தேன்.

என் சைட்டில் கம்பி கட்டியவர்களில் பாதிப் பேர் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம். அறந்தாங்கித் தம்பி ஒருவன் டீ நேரத்தில் சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து எழுதுவான். ஒருநாள் காட்டினான். மேலே பிள்ளையார் சுழி. ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன், மாதாமாதம் அனுப்பியது, வட்டிக்குப் போனது, அசலில் கழிந்தது. அசல் கட்டத்தில் பல மாதங்களுக்கு வெறும் கோடு. அக்கா நகை அடகுக்குத் தனிப் பக்கம். "ஓவர்டைம் இல்லாத மாசம் அசல் அப்படியே நிக்கும்ணே" என்றான், இந்த வருடம் மழை இல்லை என்று சொல்வது போல.

ஐயாவின் பேரேட்டிலும் இதே பற்று வரவுதான். யார் பேரில் பற்று எழுதினாரோ அந்த மலாய்க்காரர், சீனர் வீடுகளிலும் இப்படி ஒரு நோட்டு இருந்திருக்கும் அல்லவா? ஐயாவைக் கொடுமைக்காரர் என்று சொல்ல வரவில்லை. வங்கி வாசலில் நிற்க முடியாத சிறுகடைக்காரருக்குச் செட்டியார்களின் கிட்டங்கிதான், அந்த வட்டிக்கடைதான், கடன் கொடுத்தது. ஆனால் நெல் விலை விழுந்தபோது, இதே தொழில் நடந்த பர்மாவில் என்ன நடந்தது? கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. கடன் கட்ட முடியாதவர்களின் நிலம் கைமாறி, 1938-க்குள் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. நம் வீடுகளில் இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை.

இப்போது ஊரில் ஒரு பையன் சிங்கப்பூர் போகிறேன் என்று வந்தால், ஏஜெண்டுக்கு எவ்வளவு, எத்தனை வட்டிக்கு என்றுதான் முதலில் கேட்கிறேன். வேலை என்ன என்பதெல்லாம் அப்புறம்.

புதுவயல்காரர்:

அண்ணே, நானும் அப்படி ஒரு நோட்டு எழுதிய ஆள்தான். பி.இ. முடித்துவிட்டு ஒர்க் பர்மிட்டில், அதாவது தொழிலாளிக்கான அனுமதியில், சிங்கப்பூருக்குக் கம்பி கட்டப் போனேன். டிகிரி இருப்பதை டார்மிட்டரியில் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம்தான் அதற்கு மேல்படியான எஸ் பாஸ் அனுமதி கிடைத்தது. அதே சைட்டில் டிராயிங்கைக் கையில் பிடித்துக்கொண்டு போனபோது, பழைய கூட்டாளிகள் 'சார்' என்று கூப்பிட்டதுதான் தாங்கவில்லை. கடன் அடைந்த அன்று அம்மாவுக்குப் போன் போட்டேன். "சரிப்பா, அடுத்து தங்கச்சிக்குப் பார்க்கணும்" என்றார்.