திண்டுக்கல், மதுரை பக்கம் மகளிர் கல்லூரி: அவசரமாக யோசனை வேண்டும்

வணக்கம். அக்கா மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருந்தாள். இந்த ஆண்டு முதல் கல்லூரி இயங்காது என்று கேட்டில் தாள் ஒட்டிவிட்டார்கள். கட்டிய பணம் வரும்போது வரட்டும்; டி.சி., மார்க் ஷீட் அசல்களை வாங்கிவிட்டோம்.

இருபாலர் கல்லூரி வேண்டாம் என்று அத்தான் ஒரே பிடிவாதம். அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

திண்டுக்கல்லில் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கல்லூரி கிடைத்தால் நிம்மதி. ஆனால் அரசுக் கல்லூரிகளுக்கு இணையத்தில்தான் விண்ணப்பம். கலந்தாய்வு முடிந்தபின் காலியிடம் இருந்தால் நேரில் போய்க் கேட்கலாமா? மதுரையில் மீனாட்சி, லேடி டோக், பாத்திமா, பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம், இவற்றில் கணிதத்துக்கு இப்போது இடம் இருக்கிறதா? உதவிபெறும் பிரிவு என்றால் நல்லது, சுயநிதிக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மதுரை என்றால் விடுதிச் செலவும் சேரும்.

இன்னொன்று. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்குத் தகுதி உண்டு. பழைய கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பித்தோம். புதிய கல்லூரியில் மறுபடி பதிய வேண்டுமா? மாறிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.