எபோக்சி பூச்சு சில இடங்களில் தானாகப் பெயர்கிறது, சில இடங்களில் அசையவே மறுக்கிறது: கான்கிரீட் தரையிலிருந்து முழுவதும் எடுப்பது எப்படி?

வெண்ணாற்றங்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூருக்கு அருகே, முன்பு நெல் வயலாக இருந்து மண் கொட்டி மேடாக்கப்பட்ட மனையில், முறுக்கும் சீடையும் பொதியும் 900 சதுர அடிக் கூடம் ஒன்றை எங்கள் குடும்பம் நடத்தி வருகிறது. 2020-இல் 5 அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டு, அதை இயந்திரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். 2022 ஏப்ரலில் அதன் மேல் சுமார் 2 மில்லிமீட்டர் கனத்தில் சாம்பல் நிற எபோக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசி இறுகவிடும் பிசின்) பூசப்பட்டது. அந்த ஆண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு தொடங்கிய சிக்கல் இன்றுவரை தீரவில்லை.

தரை மூன்று விதமாகக் கெட்டிருக்கிறது. வாய்க்காலை ஒட்டிய பின்சுவர்ப் பக்கம், நாணய அளவு முதல் உள்ளங்கை அளவு வரை கொப்புளங்கள் எழும்பியுள்ளன. ஒன்றைக் குத்தியபோது மஞ்சள் கலந்த பிசுபிசுப்பான நீர் பீறிட்டது. நடுவில், தள்ளுவண்டி ஓடும் தடத்தில், பூச்சு அப்பளம்போலப் பெயர்கிறது. வாசல் அருகே நான்கைந்து திட்டுகள் பூசிய நாளிலிருந்தே இறுகாமல், செருப்பு ஒட்டும் அளவுக்குப் பிசுக்காக உள்ளன. எஞ்சிய இடங்களிலோ உளி வைத்து அடித்தாலும் அசைவதில்லை.

தின்னர் ஊற்றித் துடைத்ததில் பளபளப்பு மங்கியதே தவிர வேறு பயனில்லை. 4 அங்குல கிரைண்டரில் சாதாரணக் கல் வட்டு மாட்டித் தேய்த்தபோது பூச்சு உருகி வட்டிலேயே அப்பிக்கொண்டது. பூசிக் கொடுத்தவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. உணவுத் தொழிலுக்கான 2011 உரிம விதிகளின் நான்காம் அட்டவணை, தரையும் சுவரும் செதில் உதிராமல் கழுவ எளிதாக இருக்க வேண்டும் என்று கேட்பதால், இதை இப்படியே விடவும் முடியாது. தீபாவளி வேலை முடிந்துவிட்டதால் பன்னிரண்டு நாள் கூடத்தை மூடிவைக்கலாம். முழுவதும் எடுக்க வேண்டுமா, கெட்ட இடத்தை மட்டும் எடுத்தால் போதுமா? எதைக் கொண்டு எடுப்பது?

தரைப்பணி_சேலம்:

வணக்கம் ஐயா. பதினாறு ஆண்டுகளாகத் தொழிற்சாலைத் தரைகள் போட்டும், பிறர் போட்டதைப் பெயர்த்தும் வருகிறேன். தாங்கள் சொல்லும் மூன்றும் ஒரே நோயல்ல என்பதால், இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கும் முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

முதலாவதாக, பெயர்ந்த செதிலைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே மாவுபோன்ற வெண்சாம்பல் படலம் ஒட்டியிருந்தால், தளத்தின் மேலே மிதந்து காய்ந்த சிமெண்ட் பாலை யாரும் தேய்த்து எடுக்கவில்லை, பிசின் அந்தப் பலவீனமான தோலைத்தான் பிடித்திருந்தது என்று பொருள். கனமான கான்கிரீட் துண்டே சேர்ந்து வந்திருந்தால் தளமே வலுவற்றது. அடிப்பக்கம் சுத்தமாகக் கண்ணாடிபோல இருந்தால், பிசின் கடித்துப் பிடிக்கச் சொரசொரப்பு இல்லாத வழவழத் தரையில் பூசிவிட்டார்கள் என்று கொள்ளலாம்.

இரண்டாவதாக, பூச்சு நீங்கிய வெறும் கான்கிரீட்டின் மேல் 45 சென்டிமீட்டர் சதுரப் பாலிதீன் தாளை விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பிறகு எடுத்துப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ, கான்கிரீட் நிறம் கருத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து ஏறுகிறது. தாள் காய்ந்திருந்தால் ஈரமே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் நனைந்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இனி எந்தக் கொப்புளத்தையும் கண்ணாடி அணியாமல் குத்தாதீர்கள். உள்ளிருக்கும் நீர் அழுத்தத்தில் இருக்கும், பெரும்பாலும் காரத்தன்மையோடும் இருக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து.

மாடித்தோட்டம்77:

எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் தரைப் பெயிண்ட் உரிந்தபோது, மேஸ்திரி ஆசிட் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துத்தான் எடுத்தார். நீங்கள் ஏன் ஆசிட்டை முயலவில்லை? மலிவாகவும் முடியும்.

தரைப்பணி_சேலம்:

நண்பரே, அங்கே இருந்தது ஒற்றைக் கலவைத் தரைப் பெயிண்டாக, அதுவும் ஏற்கெனவே பிடிப்பு விட்டதாக இருந்திருக்கும். இறுகிய எபோக்சியை நாம் கழுவப் பயன்படுத்தும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொடுவதில்லை. அது தின்பது சிமெண்டில் உள்ள சுண்ணாம்பைத்தான். விரிசல் வழியாகவும் உரிந்த ஓரங்கள் வழியாகவும் உள்ளே இறங்கி, நல்ல கான்கிரீட்டை அரித்து, கால்சியம் குளோரைடு உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஏற்கெனவே நீர்க் கொப்புளம் எழும் தரையில் உப்பையும் சேர்ப்பது, நாமே அடுத்த கொப்புளத்துக்கு விதை போடுவதாகும். கம்பி இருந்தால் அதுவும் துருப்பிடிக்கும்.

வெண்ணாற்றங்கரை:

ஐயா, இரண்டையும் செய்துவிட்டேன். தடத்தில் பெயர்ந்த செதில்களின் அடியில் விரலால் தேய்த்தால் வரும் அளவுக்கு மெல்லிய சாம்பல் மாவு இருக்கிறது. பாலிதீன் தாளை மூன்று இடங்களில் ஒட்டினேன்: பின்சுவர்ப் பக்கம் காலையில் துளித்துளியாக நீர் கோத்திருந்தது, நடுவில் கான்கிரீட் சற்றே கருத்திருந்தது, வாசல் பக்கம் காய்ந்திருந்தது. பூசும் முன் ஒப்பந்ததாரர் ஈரம் பார்த்ததாகவும், காய்ந்திருந்ததாகவும் அப்போது சொன்னார். அவர் பொய் சொன்னாரா என்பதே என் குழப்பம்.

கட்டடப்_பொறியாளர்_திருச்சி:

அவர் பொய் சொல்லியிருக்க வேண்டிய தேவையே இல்லை. ஏப்ரலில் பார்த்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுவது. சித்திரையில் உங்கள் வாய்க்காலும் சுற்றியுள்ள வயல்களும் வெடித்துக் கிடந்திருக்கும், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், தளத்தின் மேற்புறமும் உலர்ந்தே இருந்திருக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சம்பா வயலில் நீர் நிற்க, வடகிழக்குப் பருவமழையும் சேரும்போது அதே தளம் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. கட்டும்போது மண்ணின் ஈரம் ஏறாமல் தடுக்கத் தளத்துக்குக் கீழே பாலிதீன் தாள் விரித்தார்களா என்று விசாரியுங்கள். விரிக்கவில்லை என்றே ஊகிக்கிறேன். டெல்டாவில் தரையின் ஈரத்தைச் சோதிக்க வேண்டிய மாதம் கார்த்திகைதான். அந்த வகையில் தாங்கள் இப்போது செய்த சோதனைக்கு ஏப்ரல் சோதனையைவிடப் பன்மடங்கு மதிப்பு உண்டு.

தரைப்பணி_சேலம்:

பொறியாளர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆகவே பின்சுவர்ப் பக்கத்தின் நோய் கீழிருந்து வரும் ஈரம். நடுத்தடத்தின் நோய் தேய்க்கப்படாத சிமெண்ட் பால், அதோடு ஓரளவு ஈரமும். வாசல் திட்டுகள் பூசியவரின் கைப்பிழை. பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் வாளியில் கலக்கும்போது ஓரத்திலும் அடியிலும் ஒட்டியிருப்பது சரியாகக் கலப்பதில்லை. ஊற்றி முடித்த பின் அதை வீணாக்க மனமில்லாமல் வழித்து ஊற்றினால், அந்த இடம் ஆண்டுக் கணக்கில் இறுகாது. வாளி காலியாவது பெரும்பாலும் வாசலை நெருங்கும்போதுதான் என்பதால், இத்தகைய திட்டுகளை நான் வாசல் பக்கமே அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்போது எடுக்கும் முறை. முதலில் தானாக வருவதை எடுங்கள். நீண்ட கைப்பிடி கொண்ட சுரண்டியாலோ, அகல உளி மாட்டிய சிறு உடைப்பு இயந்திரத்தாலோ தரையோடு தாழ்ந்த கோணத்தில் தள்ளினால், கொப்புளப் பகுதியும் தடமும் பெருமளவு ஒரே நாளில் வந்துவிடும். செங்குத்தாகக் குத்தினால் கான்கிரீட்டில் குழி விழும்.

பிசுக்குத் திட்டுகளைக் கிரைண்டரிடம் கொண்டுபோகவே கூடாது. சுரண்டி எடுத்து, எஞ்சியதை அசிட்டோன் நனைத்த துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடையுங்கள். தரையில் ஊற்றாதீர்கள், ஏனெனில் கரைந்த பிசின் துளைகளுக்குள் இறங்கிவிடும். அசிட்டோன் மிக எளிதில் தீப்பற்றும் என்பதால் கதவு சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பையும் அணைத்து, அன்று எந்த மின் இயந்திரத்தையும் அங்கே இயக்காதீர்கள். மறுநாள் அந்த இடத்தில் காய்ந்த மணலைத் தூவித் தேய்த்தால் மிச்சப் பிசுக்கு மணலோடு சேர்ந்து வரும்.

கெட்டியாகப் பிடித்திருக்கும் பகுதிக்கு, செயற்கை வைரத் துண்டுகள் பதித்த பிசிடி வட்டுத்தான் சரி. சாதாரண வட்டு உரசிச் சூடேற்றுகிறது, சூட்டில் எபோக்சி இளகி வட்டை மூடிவிடுகிறது. தங்களுக்கு நேர்ந்தது அதுவே. பிசிடி துண்டு உரசுவதில்லை, சீவுகிறது. ஆகவே அழுத்தாமல், இயந்திரத்தின் எடையையே வேலை செய்ய விடுங்கள். பூச்சு போனதும் உடனே 30 அல்லது 40 கிரிட் (சொரசொரப்பு எண்) டைமண்ட் கப் வட்டுக்கு மாறுங்கள், இல்லையெனில் பிசிடி கான்கிரீட்டில் உழவுச்சால் ஓட்டிவிடும். 900 சதுர அடியைக் கைக் கிரைண்டரில் செய்ய நினைக்காதீர்கள். தள்ளிச் செல்லும் தரை கிரைண்டரை வாடகைக்கு எடுத்து, மூலைகளுக்கு மட்டும் 5 அங்குலக் கைக் கிரைண்டரை வைத்துக்கொள்ளுங்கள். வட்டில் பொறித்திருக்கும் உச்சச் சுழற்சி வேகம் தங்கள் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அதை மாட்டவே வேண்டாம்.

வேதிநீக்கி பற்றிக் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். டைகுளோரோமீத்தேன் கலந்தது வேகமாக வேலை செய்யும். ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் உயிரையே பறித்திருக்கிறது. பென்சைல் ஆல்கஹால் வகை அவ்வளவு கொடியதன்று; ஆயினும் மெல்லிய பூச்சுக்கே ஏற்றது, துளைகளில் தங்கி அடுத்த பூச்சின் பிடிப்பையும் கெடுக்கும். பலகாரக் கூடத்தில் இரண்டையுமே நான் அனுமதிக்க மாட்டேன்.

முழுவதும் எடுக்க வேண்டுமா என்றால், ஆம். கெட்டியாக இருப்பதை விட்டுவைத்தால், ஈரம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும்.

தொழிலக_நலம்:

ஒரு குறுக்கீட்டுக்கு மன்னிக்கவும். கான்கிரீட்டைத் தேய்க்கும்போது எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது; கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தூசியே நுரையீரலின் அடிவரை செல்கிறது, அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது பாதுகாப்பாகாது. என்95 முகக்கவசம் குறைந்தபட்சம். நாள் முழுவதும் தேய்ப்பவருக்கு பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர் கவசம் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் சரியாகப் பதியாது. கிரைண்டருக்கு உறையும், அதோடு இணைத்த, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி கொண்ட தூசி உறிஞ்சியும் இல்லாமல் தொடங்காதீர்கள். வீட்டு உறிஞ்சி நுண்தூசியைப் பின்பக்கம் வழியாக அறைக்கே திருப்பித் தரும். கூலிக்கு வருபவர்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். மாவு மூட்டை, பொதியுறை, தராசு எல்லாவற்றையும் முதலில் வெளியேற்றிவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

ஒன்பது நாளாயிற்று. தளத்துக்குக் கீழே பாலிதீன் போடவில்லை என்று கட்டிய மேஸ்திரியே ஒப்புக்கொண்டார். பிசிடி வட்டு வேலையை நான்கே நாளில் முடித்துவிட்டது. மூலைகள்தான் மேலும் மூன்று நாளை விழுங்கின. இப்போது சுவரோரம் சில இடங்களில் கான்கிரீட் சற்றுக் கருமையாகத் தெரிகிறது. எபோக்சிக்கு முன் பூசிய ப்ரைமர் (அடிப்பூச்சு) ஊறியிருக்கிறதா, ஈரமா என்று தெரியவில்லை. உரித்த செதில்களும் தூளும் ஏழு சாக்கு சேர்ந்திருக்கின்றன; அவற்றைக் கொல்லையில் கொளுத்திவிடலாமா?

தரைப்பணி_சேலம்:

கருமையான இடத்தில் சில சொட்டு நீர் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சினால் ப்ரைமர் இல்லை. முத்தாக உருண்டு நின்றால் இருக்கிறது, அங்கே இன்னொரு முறை தேய்க்க வேண்டும். அடுத்து என்ன பூசுவது என்பதைப் பொங்கல் வரை தள்ளிப்போடுங்கள். ஈரத்தைத் தாங்கும் மூன்று கலவை எபோக்சி சிமெண்ட் அடித்தளம் ஒரு வழி. பூச்சே வேண்டாம் என்று கான்கிரீட்டின் மேற்புறத்தைக் கெட்டியாக்கும் லித்தியம் சிலிக்கேட் இறுக்கி தடவி மெருகேற்றிக்கொள்வது இன்னொரு வழி. தங்கள் தொழிலில் எண்ணெய் சிந்துமென்றால் இரண்டாவதில் கறை படியும் என்பதையும் மனத்தில் வையுங்கள். செதில்களைக் கொளுத்தவே வேண்டாம், புகை நச்சு. சாக்குகளைக் கட்டி மூடி, வாய்க்கால் பக்கம் போகாமல் வையுங்கள். உள்ளாட்சியின் திடக்கழிவுப் பிரிவில் கேட்டு ஒப்படையுங்கள். அசிட்டோன் துடைத்த துணிகளை மட்டும் அந்தச் சாக்குகளில் திணிக்காமல், மூடியுள்ள தகர டப்பாவில் தனியாக வைத்துவிடுங்கள்.