ஃபில்டர் பட்டனில் அழுத்தும்போது மட்டும் நிறம் வருகிறது, விரலை எடுத்தால் போய்விடுகிறது

தையல்தங்கை, ஜார்ஜ்டவுன்:
வணக்கம். லெபு பாசாரில் அக்காவின் தையல் கடை. அவர் தைத்த துணிகளைக் காட்ட, வேர்ட்பிரஸ் இணையதளம் வடிவமைக்கும் எலிமென்டர் புரோவின் போர்ட்ஃபோலியோ விட்ஜெட்டில் (படங்களை வகைவாரியாகக் காட்டும் பகுதி) ஒரு பக்கம் செய்கிறேன். மேலே பிளவுஸ், பஞ்சாபி சூட், பாவாடை தாவணி என்று ஃபில்டர்கள். எது தேர்வாகியிருக்கிறதோ அதற்கு மஞ்சள் பின்னணியும் வெள்ளை எழுத்தும் வேண்டும். ஸ்டைல் பகுதியில் ஆக்டிவ் கலர் என்று ஒன்று உண்டு, ஆனால் அது எழுத்தை மட்டும்தான் மாற்றுகிறது. கஸ்டம் சிஎஸ்எஸ்ஸில், அதாவது தோற்றத்தை மாற்றும் கோடை நாமே எழுதும் இடத்தில், முக்காற்புள்ளி போட்டு ஆக்டிவ் (:active) என்று எழுதினேன். அழுத்தும் அந்த நொடி மின்னிவிட்டு மறைகிறது. இரண்டு இரவாக இதே வேலை.

பட்டர்வொர்த்காரன்:
தங்கச்சி, பெயர்தான் ஏமாற்றுகிறது. முக்காற்புள்ளி ஆக்டிவ் என்றால் 'இப்போது அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்' என்று மட்டுமே பொருள். தேர்வாகி நிற்கும் ஃபில்டருக்கு எலிமென்டர் தனியாக ஒரு கிளாஸ் (கோடில் அதை அடையாளம் காட்டும் பெயர்) சேர்க்கிறது: எலிமென்டர், ஒரு ஹைஃபன், ஆக்டிவ் (elementor-active). பக்கம் திறந்ததுமே 'எல்லாம்' என்ற முதல் ஃபில்டரில் அது இருக்கும். அதன்மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போட்டுப் பாருங்கள். அந்த ஃபில்டரின் கோடில் இரண்டு கிளாஸ் தெரியும். இரண்டையும் அங்கிருந்தே காப்பி செய்யுங்கள், கையால் அடிக்க வேண்டாம். முதலாவதில் அண்டர்ஸ்கோர் இரண்டு ஒட்டிக்கொண்டு வரும், ஒன்று விட்டாலும் வேலை செய்யாது.

தையல்தங்கை:
காப்பி செய்துதான் போட்டேன் அண்ணே. இப்போது அந்த மின்னலும் இல்லை!

சுங்கைநிபோங்:
நடுவில் ஸ்பேஸ் விட்டிருப்பீர்கள். ஸ்பேஸ் விட்டால் 'அதற்குள்ளே இருக்கும் இன்னொன்று' என்று பிரவுசர் தேடும். உங்களுக்கு வேண்டியது ஒரே பொருளின் இரண்டு பெயர்கள். புள்ளி, முதல் கிளாஸ், உடனே புள்ளி, இரண்டாவது கிளாஸ். எல்லாவற்றுக்கும் முன்னால், 'இந்த விட்ஜெட்' என்று எலிமென்டருக்குச் சொல்லும் செலக்டர் (selector) என்ற சொல்லைப் போட்டு, அதன்பின் மட்டும் ஒரு ஸ்பேஸ். நானும் ஒருமுறை இதே இடத்தில் ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தவன்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். மஞ்சளில் வெள்ளை எழுத்து வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்சத்தில் 4.5:1 மாறுபாடாவது இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டி. மஞ்சளும் வெள்ளையும் 2:1கூடத் தேறாது. மத்தியான வெயிலில் கடைக்கு வெளியே நின்று போனைப் பார்க்கும் அம்மாவுக்கு அங்கே பட்டன் இருப்பதே தெரியாது.

தையல்தங்கை:
ஸ்பேஸ்தான்! எடுத்ததும் வந்துவிட்டது. போனில் மட்டும் பழையபடி இருந்தது, பிரவுசர் சேமித்துவைத்த பழைய நகலை (கேஷ்) அழித்தேன், அங்கேயும் சரி. மஞ்சளை விட மனமில்லை, எழுத்தை அரக்குச் சிவப்பாக்கிவிட்டேன். பட்டுச்சேலை பார்டர் மாதிரி இருக்கிறதாம். அக்கா இப்போது மூலையெல்லாம் வட்டமாக வேண்டும் என்கிறார். பார்டர் ரேடியஸ்தானே, அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.